பீட்டில் காரின் ஒயில் கோளாறுகள்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

கொழும்பில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் வொக்ஸ்வாகன் பீட்டில் கார்களில் ஒயில் தொடர்பான எந்தக் கோளாறு தலைகாட்டினாலும் முதலில் சொல்லப்படும் வைத்தியம், இன்னும் கொஞ்சம் தடிப்பான ஒயிலாகப் போட்டுப் பாருங்கள் என்பதுதான். விளக்கு மினுங்கினாலும் இதே பதில், எஞ்சின் சூடேறினாலும் இதே பதில், தரையில் சொட்டினாலும் இதே பதில். தடிப்பான ஒயில் சில கிழமைகளுக்கு அறிகுறியை அடக்கிவைக்கும். காரணம் உள்ளேயே இருந்து வளரும். பிறகு வரும் செலவு முதலில் வந்திருக்கவேண்டிய செலவைப் போலப் பல மடங்காக இருக்கும். எனவே இங்கே ஒவ்வோர் அறிகுறிக்கும் காசு செலவில்லாத சோதனை முதலிலும், எஞ்சினை இறக்கவேண்டிய வேலை கடைசியிலும் வருமாறு எழுதியிருக்கிறேன்.

இது 1200 முதல் 1600 வரையான காற்றுக் குளிர்ப்பு எஞ்சின்களுக்கு உரியது. அதே எஞ்சின் பொருத்திய பழைய கொம்பி வான்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும். கீழே ‘முன்’ என்று வரும் இடமெல்லாம் காரின் முன்பக்கத்தை, அதாவது கியர்பெட்டி இருக்கும் திசையைக் குறிக்கும். ‘இடம்’, ‘வலம்’ ஆகியவை ஆசனத்தில் அமர்ந்து முன்னோக்கிப் பார்ப்பவருடைய இடமும் வலமும் ஆகும்.

எதற்கும் முன்: உள்ளே இருப்பது என்ன ஒயில்?

எந்த அறிகுறியையும் ஆராயும் முன்னர் எஞ்சினுக்குள் எந்த ஒயில் இருக்கிறது என்பது உறுதியாகத் தெரிந்திருக்கவேண்டும். காரைப் புதிதாக வாங்கியவருக்கோ, சேர்விஸ் நிலையத்தில் விட்டுவிட்டு வந்து எடுத்துச் சென்றவருக்கோ இது பெரும்பாலும் தெரிவதில்லை. தெரியாவிட்டால் ஒயிலை வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றி, அதன் பிறகே சோதனைகளைத் தொடங்குங்கள். கொள்ளளவு 2.5 லீற்றர் மட்டுமே என்பதால் இது பெரிய செலவல்ல. 4 லீற்றர் கேன் வாங்கினால் 1.5 லீற்றர் மிஞ்சும், அதை அளவு குறையும்போது ஊற்ற வைத்துக்கொள்ளலாம். கேன் காலியாகும்வரை ஊற்றிவிடும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. கூடுதலாக ஊற்றுவதால் எஞ்சினுக்கு எந்த நன்மையும் இல்லை. எஞ்சினின் பின்புறத்தில் பெல்ட் ஓடும் சக்கரமான புலியிலிருந்து (pulley) அது வெளியே வீசப்படும்.

தடிப்பைப் பொறுத்தவரை, இந்த எஞ்சின் ஒற்றைத்தர ஒயிலுக்காக வடிவமைக்கப்பட்டது. வெப்பமான காலநிலைக்கு அக்காலக் கையேடுகள் சொன்ன அடிப்படைத் தரம் எஸ்.ஏ.இ. 30. இன்று கடையில் கிடைக்கும் பலதர ஒயில்களில் ‘டபிள்யூ’ எழுத்தோடு வரும் முதல் எண் குளிர் நாடுகளின் உறைபனிக் காலைக்கு உரியது. விடியற்காலையில்கூட 22 அல்லது 23 பாகை செல்சியசுக்குக் கீழே அரிதாகவே இறங்கும் கொழும்பில் அந்த எண்ணால் ஆவது ஒன்றுமில்லை. நாம் பார்க்கவேண்டியது இரண்டாவது எண்ணை. அது 100 பாகையில் ஒயிலின் தடிப்பு எந்த வகுப்பில் அடங்குகிறது என்பதைக் காட்டும். புதிதாகப் பிரித்துச் செய்யப்பட்ட, இடைவெளிகள் இறுக்கமாக உள்ள எஞ்சினுக்கு எஸ்.ஏ.இ. 30 அல்லது 15டபிள்யூ-40 போதும். பல ஆண்டுகள் ஓடித் தளர்ந்த எஞ்சினுக்கு எஸ்.ஏ.இ. 40 அல்லது 20டபிள்யூ-50 பொருத்தம். இரண்டுக்கும் சாதாரண மினரல் ஒயிலே போதுமானது. சிந்தெற்றிக் ஒயிலுக்குக் கொடுக்கும் காசை அடிக்கடி ஒயில் மாற்றுவதில் செலவிட்டால் இந்த எஞ்சினுக்கு அதிகப் பயன் கிடைக்கும், ஏனெனில் தொழிற்சாலையிலிருந்து வரும்போது இதில் கடதாசி வடிகட்டியே கிடையாது. எஞ்சினின் அடியில் ஒயில் தங்கும் சம்ப்பின் தகட்டுக்கு மேலே ஒரு கம்பி வலை மட்டும் உண்டு. அதில் கல்லும் கஸ்கட் துண்டும் நிற்குமேயொழியத் தூசு நிற்காது.

தவிர்க்கவேண்டியவை 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 போன்ற மெல்லிய ஒயில்கள். நகரத்தின் சேர்விஸ் நிலையங்கள் நாள் முழுவதும் ஹைபிரிட் கார்களைப் பார்க்கின்றன; பீப்பாயிலிருந்து குழாய் வழியாக ஊற்றப்படுவது பெரும்பாலும் அந்தக் கார்களுக்கு உரியதாகவே இருக்கும். இவற்றில் தடிப்பு மட்டுமே பிரச்சினையல்ல. பீட்டிலின் கேம் தண்டு, வால்வுகளைத் திறக்க உதவும் தட்டையான முகமுள்ள டப்பெட்டுகளின் மீது உராய்ந்து சுழல்கிறது. அந்த உராய்வைத் தாங்க ஒயிலில் துத்தநாக, பொஸ்பரஸ் சேர்மம் போதியளவு இருக்கவேண்டும். 2004இல் வந்த, அமெரிக்கப் பெற்றோலிய நிறுவகத்தின் (ஏ.பி.ஐ.) எஸ்.எம். தரத்திலிருந்து, புகைக் குழாயிலுள்ள வினையூக்கியைக் காப்பதற்காக, மெல்லிய ஒயில்களில் பொஸ்பரசின் உச்ச அளவு 0.08 வீதமாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 20டபிள்யூ-50 போன்ற தடித்த தரங்களுக்கு இந்தக் கட்டுப்பாடு விதிக்கப்படவில்லை. டீசல் வாகனங்களுக்கான ஏ.பி.ஐ. சி.ஐ.-4 தர 15டபிள்யூ-40 ஒயில்களிலும் இந்தச் சேர்மம் தாராளமாக இருக்கும். லொறிக்குரிய ஒயிலைக் காருக்கு ஊற்றலாமா என்று தயங்கவேண்டியதில்லை, தாராளமாக ஊற்றலாம். முச்சக்கர வண்டிக்கு விற்கப்படும் நான்கு ஸ்ட்ரோக் 20டபிள்யூ-50 ஒயிலையும் அவசரத்துக்குப் பயன்படுத்தலாம். பெற்றோலோடு கலக்கும் 2டீ ஒயில் மட்டும் அருகிலும் வரக்கூடாது.

அறிகுறி 1: சூடான எஞ்சினில் ஒயில் விளக்கு மினுங்குகிறது

மாலை நேரத்தில் காலி வீதியில் பம்பலப்பிட்டியிலிருந்து வெள்ளவத்தைக்கு ஊர்ந்து வரும்போது, சிக்னலில் நின்றவுடன் வேகமானிக்குள் இருக்கும் ஒயில் விளக்கு (பழைய மாதிரிகளில் அது பச்சை) மெல்ல மினுங்கி, அக்சிலேட்டரைத் தொட்டவுடன் அணைந்துவிடும். அதிகமாக வரும் முறைப்பாடு இதுதான். இங்கேதான் தடிப்பான ஒயில் மிக வேகமாகப் பரிந்துரைக்கப்படுகிறது.

முதலில் ஒரு பிரிவினை. விளக்கு நின்ற நிலையில் மட்டும் மினுங்கினால் கீழேயுள்ள வரிசையைத் தொடருங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது எரிந்து அணையாமல் நின்றால், எந்தச் சோதனையும் வேண்டாம். ஓரமாக நிறுத்தி எஞ்சினை உடனே அணையுங்கள். வீடு இன்னும் அரை மைல்தானே என்று ஓட்டினால் பெயரிங்குகள் அந்த அரை மைலிலேயே போய்விடும். வளைவுகளிலும் பிரேக் பிடிக்கும்போதும் மட்டும் எரிந்தால், ஒயில் அளவு குறைந்திருக்கிறது என்பதே அநேகமாகக் காரணம்.

அளவும் வயதும்

காரைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, ஐந்து நிமிடம் பொறுத்து டிப்ஸ்டிக்கைத் துடைத்துப் பாருங்கள். கொழும்பு வீடுகளின் கேட்டிலிருந்து வீதிக்கு இறங்கும் சரிவில் நிறுத்தி அளந்தால் வாசிப்பு பொய்யாக இருக்கும். அளவு சரியென்றால், ஒயிலின் வயதைக் கேளுங்கள். மாற்றவேண்டிய இடைவெளி 5,000 கிலோமீற்றர். ஆனால் கிழமைக்கு ஒரு முறை மட்டும் வெளியே எடுக்கப்படும் காரில் கிலோமீற்றரைக் கணக்கிடுவது பொருளற்றது, அத்தகைய காருக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாற்றுவதே சரி. பலதர ஒயிலில் தடிப்பைத் தாங்கி நிற்கும் சேர்க்கைப் பொருள் நாளடைவில் சிதைவதால், பழைய 20டபிள்யூ-50 ஒயில் சூட்டில் 40 தரத்தைப்போல நடந்துகொள்ளும். இந்த ஓர் இடத்தில் ஒயிலை மாற்றுவதே முழுமையான தீர்வாக அமையலாம்.

எஞ்சினின் சும்மா சுழலும் வேகத்தையும் பாருங்கள். நிமிடத்துக்கு 850 சுற்று அளவில் இருக்கவேண்டியது 600க்கு இறங்கியிருந்தால், பம்ப் அந்த வேகத்தில் போதியளவு அழுத்தத்தைத் தராது. கார்புரேட்டரில் ஒரு திருகாணியோடு முடியும் விடயம் இது.

சுவிட்ச்

ஒயில் சுவிட்ச் எஞ்சினின் இடப்பக்கத்தில், டிஸ்ட்ரிபியூட்டருக்கு அருகில் இருக்கிறது. சாவியைத் திருப்பி, எஞ்சினை இயக்காமல், சுவிட்சிலிருந்து வயரைக் கழற்றுங்கள், விளக்கு அணையவேண்டும். அணையாவிட்டால் வயர் எங்கோ காரின் உடல் உலோகத்தில் உரசுகிறது. கழற்றிய வயரை எஞ்சின் உலோகத்தில் தொடுங்கள், விளக்கு எரியவேண்டும். எரியாவிட்டால் பல்ப் போயிருக்கிறது, அப்படியானால் இதுவரை உங்களுக்கு எந்த எச்சரிக்கையுமே கிடைக்கவில்லை என்று பொருள். இரண்டும் சரியென்றால் சுவிட்சை மாற்றிப் பாருங்கள். பஞ்சிகாவத்தையில் எளிதாகக் கிடைக்கும் மலிவான பொருள் அது.

உண்மையான அழுத்தத்தை அளத்தல்

சுவிட்ச் மாற்றியும் மினுங்கினால், இனி ஊகம் வேண்டாம். சுவிட்சைக் கழற்றிய துளையில் ஒரு கேஜைப் பூட்டுங்கள். மரை 10 மில்லிமீற்றர், 1 மில்லிமீற்றர் இடைவெளி கொண்டது. எஞ்சின் நன்றாகச் சூடேறிய பின், 2,500 சுற்றில் ஏறத்தாழ 2 பார், அதாவது சதுர அங்குலத்துக்கு 28 இறாத்தல் இருக்கவேண்டும். நின்ற நிலையில் 7 இறாத்தல் அளவு காட்டினாலும் கவலைப்படத் தேவையில்லை. சுவிட்ச் இயங்கும் அழுத்தம் மிகக் குறைவு என்பதால், விளக்கு அணைந்திருப்பது அழுத்தம் நன்றாக இருக்கிறது என்பதற்குச் சான்றாகாது. எனவே பழைய எஞ்சின் வைத்திருப்பவர் ஒரு முறையாவது கேஜ் பூட்டி அளந்து எழுதிவைத்துக்கொள்வது நல்லது. அடுத்த முறை ஒப்பிட அந்த எண்கள் உதவும்.

அழுத்தத் தளர்வு வால்வு

என் கணிப்பில், கவனிக்கப்படாமலே விடப்படும் பகுதி இதுதான். காருக்குக் கீழே படுத்து, ஒயில் பம்புக்கு இடப்பக்கத்தில் பாருங்கள்: அகன்ற திருகாணி வெட்டுள்ள பெரிய மூடி ஒன்று தெரியும். அதன் வெட்டை முழுமையாக நிரப்பும் அகலமான கருவி வேண்டும், சாதாரண ஸ்குரூ ட்ரைவர் வெட்டைக் கிழித்துவிடும். மூடியைக் கழற்றியவுடன் ஒரு ஸ்பிரிங் இறங்கும், அதற்குப் பின்னால் விரலளவு தடிப்புள்ள பிளஞ்சர் தன் பாரத்தாலேயே வழுக்கி வெளியே வரவேண்டும். வராவிட்டால் கோளாறு கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. 10 மில்லிமீற்றர் டாப் (மரை வெட்டும் கருவி) ஒன்றைப் பிளஞ்சரின் குழிவுக்குள் இலேசாகத் திருகி இழுத்தால் வரும். பக்கங்களில் மங்கலான செங்குத்துக் கீறல்கள் இருந்தால், அவை பிளஞ்சர் இறுகி நின்ற இடத்தைக் காட்டுகின்றன. மிக நுண்ணிய எமரித் தாளை ஒயிலில் நனைத்துத் தேய்த்து, துளையைத் துணியால் துடைத்து, மூடியின் வாஷரைப் புதிதாகப் போட்டுப் பூட்டுங்கள். கீறல் ஆழமென்றால் பிளஞ்சரை மாற்றுங்கள். 1970 அளவிலிருந்து வந்த எஞ்சின்களில் பிளைவீல் பக்கத்தில் (கியர்பெட்டிப் பக்கம்) இத்தகைய இரண்டாவது வால்வும் உண்டு. இரண்டும் வெவ்வேறு ஸ்பிரிங் என்பதால் மாற்றிப் போடாதீர்கள்.

பிளஞ்சர் திறந்த நிலையில் இறுகினால் அழுத்தம் குறையும், விளக்கு மினுங்கும். மூடிய நிலையில் இறுகினால், காலையில் எஞ்சினை இயக்கும்போது எழும் அழுத்தம் முழுவதும் ஒயிலைக் குளிர்விக்கும் கூலரின் மேல் விழுந்து, கூலரோ அதன் சீலோ பிய்ந்துபோகும். தடிப்பான ஒயில் இந்த இரண்டாவது நிலைமையை இன்னும் மோசமாக்கும்.

வலையும் பம்பும்

சம்ப் தகட்டைத் தாங்கும் ஆறு சிறிய நட்டுகளைக் கழற்றி வலையை எடுத்துக் கழுவுங்கள். வலை அடைத்திருக்கலாம், ஒயில் உறிஞ்சும் குழாய் வலையின் துளைக்குள் சரியாகப் பொருந்தாமலும் இருக்கலாம். மீண்டும் பூட்டும்போது இரண்டு கஸ்கட்டுகளையும் செம்பு வாஷர்களையும் புதிதாகப் போடுங்கள். இந்த நட்டுகளுக்கு வேண்டிய இறுக்கம் 7 நியூட்டன் மீற்றர் மட்டுமே. கையை ஸ்பேனரின் நுனியில் வைத்து முழுப் பலத்தோடு திருகினால் ஸ்டட்கள் எஞ்சின் உடலிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும்.

பம்பின் மூடி உள்பக்கத்தில் பல் சக்கரங்கள் வட்டமாகத் தேய்த்த தடம் நகத்தில் தட்டுப்பட்டால், அந்த மூடி இனி அழுத்தத்தைத் தாங்காது. கண்ணாடித் தட்டின் மீது எமரித் தாளை விரித்து மூடியைத் தேய்த்துச் சமன் செய்யலாம். சக்கரங்களின் முகத்துக்கும் மூடிக்கும் இடையில் 0.1 மில்லிமீற்றருக்கு மேல் இடைவெளி இருக்கக்கூடாது.

மெக்கானிக்கிடம் செல்லவேண்டிய கட்டம்: மேலே சொன்ன யாவும் சரியாயிருந்தும், புதிய 20டபிள்யூ-50 ஒயிலோடும் சூட்டில் 2,500 சுற்றுக்கு 20 இறாத்தலைத் தாண்டாவிட்டால், மெயின் பெயரிங்குகளோ, அவை அமர்ந்திருக்கும் உடலோ தேய்ந்திருக்கிறது. இது எஞ்சினை இறக்கிப் பிரிக்கும் வேலை. அப்போது இன்னும் தடிப்பான ஒயிலையோ, போத்தலில் விற்கும் பிசின்போன்ற சேர்மத்தையோ ஊற்றி நாட்களைக் கடத்துவது, கிராங்க் தண்டையும் சேர்த்து இழப்பதில் முடியும்.

அறிகுறி 2: எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறுகிறது

கடுகண்ணாவ ஏற்றத்தில் பலம் குறைவதும், நிறுத்திய பிறகு சுட்ட ஒயில் மணப்பதும், சாவியை அணைத்தும் எஞ்சின் ஓரிரு முறை உதறுவதும் இதன் அடையாளங்கள். ஒயிலின் வெப்பநிலையை அளக்கும் வசதி இருந்தால், 110 பாகைவரை பயமில்லை. 120 பாகையைத் தாண்டினால் நிறுத்தவேண்டும்.

ஓடும்போது ஜெனரேட்டரின் சிவப்பு விளக்கு எரிந்தால் முதலில் நிறுத்துங்கள். பற்றரியைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம். இந்தக் காரில் விசிறியும் ஜெனரேட்டரும் ஒரே பெல்ட்டில் சுழல்கின்றன. பெல்ட் அறுந்தால் குளிர்ப்பே இல்லை. பெல்ட் அறாமல் தளர்ந்திருந்தாலும் விசிறி வழுக்கும். பெருவிரலால் நடுவில் அழுத்தினால் ஏறத்தாழ 15 மில்லிமீற்றர் உள்வாங்கவேண்டும்.

பெல்ட் சரியென்றால், அடுத்ததாக எஞ்சின் அறையின் தகரக் கவசங்களையும் அதைச் சுற்றியுள்ள ரப்பரையும் பாருங்கள். கீழேயிருந்து எழும் சூடான காற்று விசிறியின் வாய்க்குத் திரும்பாமல் தடுப்பவை இவை. பழுதுபார்க்க இடைஞ்சலாக இருக்கிறது என்று கழற்றப்பட்டு மீண்டும் பூட்டப்படாத தகரங்களை நான் பார்த்த கார்களின் எண்ணிக்கை கொஞ்சமல்ல. ரப்பர் கிழிந்திருந்தால் மாற்றுங்கள். பின்மூடியைக் குச்சி வைத்துத் திறந்துகொண்டு ஓடுவதைவிட இது பயன் தரும்.

பிறகு விசிறிக் கூட்டுக்குள் ஒரு டோர்ச் வெளிச்சத்தைச் செலுத்துங்கள். பல மாதம் நின்ற கார் என்றால் எலிக்கூடு இருக்கும். கடதாசி, தும்பு, துணித்துண்டு எல்லாம் ஒயில் கூலரின் தகடுகளுக்கு நடுவே செருகியிருக்கும். பழைய கூலர் கூட்டுக்குள் செங்குத்தாக, இடப்பக்கச் சிலிண்டர்களுக்குப் போகும் காற்றுப் பாதையிலேயே நிற்கிறது. அது அடைத்தால் ஒயில் சூடாவதோடு இடது முன்புறத்தில் உள்ள 3ஆம் சிலிண்டரும் காற்றின்றித் தவிக்கும். இந்த எஞ்சின்களில் முதலில் கெடும் எக்ஸோஸ்ட் வால்வு 3ஆம் சிலிண்டருடையதாக இருப்பதற்கு இது ஒரு காரணம். 1970களின் தொடக்கத்தில் கூலரைத் தனிக் கூட்டில் முன்பக்கமாகத் தள்ளி வைத்த மாதிரிகளில் இந்தக் குறை நீக்கப்பட்டது.

தெர்மோஸ்டாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. நம்முடைய நாட்டில் அது எதற்கு என்று அதையும் காற்றுத் தடுப்பு இதழ்களையும் சேர்த்துக் கழற்றி எறிந்துவிடும் வழக்கம் உண்டு. 65 முதல் 70 பாகை அளவில் அது திறந்துவிடும், கெட்டாலும் திறந்த நிலையிலேயே நிற்கும். ஆகவே அது சூடேற்றத்துக்குக் காரணமாவது அரிது. இதழ்கள் காற்றைச் சிலிண்டர்களை நோக்கித் திருப்பவும் உதவுகின்றன. இருப்பதை விட்டுவையுங்கள்.

இவற்றுக்குப் பிறகு இக்னிஷன் டைமிங், கார்புரேட்டர் கலவையில் பெற்றோல் குறைந்திருத்தல், வால்வு இடைவெளி குறைந்திருத்தல் ஆகியவற்றைப் பாருங்கள். டைமிங் விளக்கு கைவசம் இல்லாதவர் இந்த மூன்றையும் ஒரே வருகையில் மெக்கானிக்கிடம் ஒப்படைப்பது சிக்கனமானது.

ஒயிலுக்கு இதில் உள்ள பங்கு சிறியது, ஆனால் பலரும் நினைப்பதற்கு எதிரானது. தேவைக்கு மீறித் தடித்த ஒயில் குழாய்களில் மெதுவாக நகர்கிறது. அழுத்தம் உயர்வதால் தளர்வு வால்வு திறந்துகொண்டு, ஒயிலின் ஒரு பகுதி கூலர் பக்கமே போகாமல் சம்ப்புக்குத் திரும்பிவிடுகிறது. இறுக்கமான புதிய எஞ்சினில் 20டபிள்யூ-50 ஊற்றிச் சூடு கூடினால், 15டபிள்யூ-40க்கோ எஸ்.ஏ.இ. 30க்கோ இறங்கிப் பாருங்கள்.

அறிகுறி 3: நிறுத்திய இடத்தில் ஒயில் சொட்டு

ஒரு சொட்டு விழுவதை இந்தக் காரின் இயல்பென்று ஏற்றுக்கொள்ளலாம். காலையில் உள்ளங்கை அளவு வட்டம் தெரிந்தால் ஆராயவேண்டும். எஞ்சினின் அடிப்பக்கத்தைக் கழுவித் துடைத்து, ஒரு வெள்ளை அட்டையைக் கீழே வைத்து இரவு முழுவதும் விடுங்கள். சொட்டு விழுந்த இடமே பாதி விடை.

நடுவில் விழுந்தால்: சம்ப் தகட்டின் கஸ்கட், வாஷர், வடிக்கும் போல்ட். புதிதாகப் போட்டு அளவாக இறுக்குங்கள். சிலிக்கோனைப் பிதுக்கிப் பூசாதீர்கள். உள்ளே பிதுங்கும் துணுக்கு நேரே வலையில் போய் ஒட்டும்.

பக்கங்களில் விழுந்தால்: வால்வு மூடியின் கோர்க் கஸ்கட் அல்லது புஷ்ரொட் குழாய்களின் சீல்கள். கஸ்கட்டை மாற்றுவது கால் மணி நேர வேலை. குழாய்கள் என்றால், எஞ்சினைப் பிரிக்காமல் பொருத்தக்கூடிய, ஸ்பிரிங்கோடு விரியும் மாற்றுக் குழாய்கள் கிடைக்கின்றன. ஒன்றிரண்டு குழாய் மட்டும் கசிந்தால் அவை போதும்.

பின்புறத்தில், புலிக்குக் கீழே விழுந்தால்: அந்த இடத்தில் சீல் எதுவுமே கிடையாது. புலியின் கழுத்தில் வெட்டப்பட்ட திருகு மரை ஒயிலை உள்ளே திருப்பி அனுப்புகிறது. ஆகவே மாற்றுவதற்கு ஒன்றுமில்லை. ஒயில் கூடிவிட்டதா, காற்று வெளியேறும் குழாய் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லாவிட்டால் பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்து உள்ளழுத்தம் ஏறியிருக்கலாம்.

முன்புறத்தில், எஞ்சினும் கியர்பெட்டியும் சேரும் இடத்தில் விழுந்தால்: சொட்டை விரலில் தொட்டு முகருங்கள். கந்தகம் கலந்த காரமான மணம் என்றால் அது கியர் ஒயில். எஞ்சின் ஒயில் என்றால், மேலேயுள்ள கூலரின் சீல் கசிந்து ஒயில் முன்பக்கமாக ஒழுகுகிறதா என்று முதலில் பாருங்கள். மேலே உலர்ந்திருந்தால் பிளைவீல் சீல் போயிருக்கிறது. கிளச் வழுக்கத் தொடங்கினால் ஐயமே வேண்டாம்.

மெக்கானிக்கிடம் செல்லவேண்டிய கட்டம்: பிளைவீல் சீலும் கூலர் சீலும். இரண்டையும் செய்யும்போது கிராங்க் தண்டின் முன்பின் அசைவை அளக்கச் சொல்லுங்கள். அது 0.07 முதல் 0.13 மில்லிமீற்றருக்குள் இருக்கவேண்டும். அதை அளக்காமல் சீலை மட்டும் மாற்றினால் அதே சீல் மறுபடியும் கசிய வாய்ப்புண்டு. வேலையை ஒப்படைக்கும் முன்னர், சம்ப் நட்டுகளை எந்த அளவுக்கு இறுக்குவீர்கள் என்று ஒரு பேச்சுக்குக் கேட்டுப் பாருங்கள். பதிலிலிருந்து அவர் இந்த எஞ்சினோடு பழகியவரா என்பது தெரிந்துவிடும்.

அறிகுறி 4: ஒயில் அளவு தானாகக் கூடுகிறது, பெற்றோல் மணக்கிறது

டிப்ஸ்டிக்கில் மேல் கோட்டைத் தாண்டி நிற்கும் ஒயில், தண்ணீர்போல் வழிந்து, பெற்றோல் மணத்தால், எஞ்சினை இயக்காதீர்கள். அருகில் சிகரெட்டும் வேண்டாம். டிஸ்ட்ரிபியூட்டருக்கு அருகிலுள்ள பெற்றோல் பம்பின் டயஃபிரம் கிழிந்திருக்கலாம், அல்லது கார்புரேட்டரின் மிதவை ஊசி மூடாமல் பெற்றோல் சிலிண்டர்களுக்குள் இறங்கியிருக்கலாம். பம்பை மாற்றுங்கள், ஊசி வால்வைச் சோதியுங்கள், பிறகு ஒயிலை முழுவதுமாக வடித்துப் புதிதாக ஊற்றுங்கள். கோளாறை நீக்கிவிட்டு ஒயிலை அப்படியே விடுவது பாதி வேலை. கலந்த ஒயில் பெயரிங்கைக் காக்காது. அறிகுறி 1இல் மினுங்கிய விளக்குக்கு இதுவே காரணமாக இருந்ததும் உண்டு, எனவே டிப்ஸ்டிக்கைப் பார்க்கும்போதெல்லாம் முகர்ந்தும் பாருங்கள்.

அறிகுறி 5: நீலப் புகை

நீண்ட நேரம் நின்ற காரை இயக்கியவுடன் சில விநாடி நீலப் புகை வந்து மறைந்தால் விட்டுவிடுங்கள். சிலிண்டர்கள் படுத்த நிலையில் இருப்பதால், சரிவில் நின்ற காரில் சிறிது ஒயில் உள்ளே கசிவது இயல்பு. ஏற்றத்தில் முழுப் பலத்தோடு செல்லும்போது தொடர்ந்து புகைந்தால் ரிங்குகள். இறக்கத்தில் அக்சிலேட்டரை விட்டு மீண்டும் அழுத்தும்போது புகைந்தால் வால்வு கைடுகள். நான்கு சிலிண்டர்களின் கொம்பிரெஷனை அளந்துவிட்டு மெக்கானிக்கோடு பேசுங்கள். பிஸ்டன்களும் சிலிண்டர்களும் தொகுதியாகக் கிடைப்பதால், சாதாரண எஞ்சின்போல் சிலிண்டரைக் கடைந்து அகலப்படுத்தவேண்டிய (போர் அடிக்கவேண்டிய) தேவை இல்லை.

அறிகுறி 6: ஒயில் மூடியின் உள்ளே வெளிர் மஞ்சள் பசை

தண்ணீர் குளிர்ப்புக் கார்களைப் பார்த்துப் பழகியவர், ஹெட் கஸ்கட் போய்விட்டது என்று உடனே தீர்ப்புச் சொல்வார். இந்த எஞ்சினில் கலப்பதற்குத் தண்ணீரே கிடையாது. மே மாதம் தொடங்கும் தென்மேல் பருவக்காற்றின் ஈரத்தில், கடைக்கும் கோயிலுக்குமாகக் குறுந்தூரம் மட்டும் ஓடும் காரில் உள்ளே படியும் நீராவிதான் அது. மூடியைத் துடைத்துவிட்டு, கிழமைக்கு ஒரு முறை அரை மணி நேரமாவது தொடர்ந்து ஓட்டுங்கள்.

அறிகுறி 7: டிக் டிக் ஓசை, வலையில் உலோகத் துகள்

இரண்டும் ஒன்றாகவும் வரலாம், தனித்தனியாகவும் வரலாம். ஓசை மட்டும் இருந்தால் வால்வு இடைவெளியைச் சரிசெய்யுங்கள். எஞ்சின் முழுமையாகக் குளிர்ந்திருக்கவேண்டும், அதாவது இரவு முழுவதும் நின்ற கார். 1960களின் பிற்பகுதிக்குப் பிறகான பெரும்பாலான எஞ்சின்களுக்கு அளவு 0.15 மில்லிமீற்றர், உங்கள் எஞ்சினின் விசிறிக் கூட்டில் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அதிலுள்ளதைப் பின்பற்றுங்கள்.

ஒவ்வொரு முறையும் அளவுகளை எழுதிவையுங்கள். ஓசை வரும் வால்வைப் பார்த்து ஆட்கள் பயப்படுகிறார்கள். பயப்படவேண்டியது இடைவெளி குறைந்துகொண்டே போகும் ஓசையற்ற வால்வைப் பார்த்துத்தான். ஒரே வால்வு, குறிப்பாக 3ஆம் சிலிண்டரின் எக்ஸோஸ்ட் வால்வு, சரிசெய்த பின்னும் மீண்டும் மீண்டும் இறுகினால், அதன் தண்டு நீள்கிறது என்று கொள்ளவேண்டும். தலை அறுந்து சிலிண்டருக்குள் விழுமுன் ஹெட்டைக் கழற்றவேண்டும். அதுவரை தூரப் பயணம் போகாதீர்கள்.

துகள்களைப் பொறுத்தவரை, ஒயில் வடிக்கும் நாளில் கழற்றிய வலையை வெள்ளைத் துணியின் மீது கவிழ்த்துத் தட்டி, வெயிலில் பிடித்துப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டும் நுண்ணிய கருந்தூள் கொஞ்சம் இருந்தால் பரவாயில்லை. காந்தத்தில் ஒட்டும் செதில்கள் என்றால் கேம் தண்டும் டப்பெட்டும் ஒன்றையொன்று தின்கின்றன. இது மெல்லிய புதுத்தர ஒயிலில் ஓடிய காராக இருந்தால், காரணத்தைத் தேடி அதிக தூரம் போகவேண்டியதில்லை. அதற்குப் பிறகு நல்ல ஒயில் ஊற்றினாலும் தேய்ந்த முகம் திரும்பி வராது. காந்தத்தில் ஒட்டாத வெள்ளிநிறத் தகடுகளும், செம்பு நிறம் தெரியும் துணுக்குகளும் பெயரிங்கிலிருந்து வருபவை.

மெக்கானிக்கிடம் செல்லவேண்டிய கட்டம்: செதில் எந்த நிறமாக இருந்தாலும் இதுதான் அந்தக் கட்டம், காரை ஓட்டிச் செல்லாமல் இழுத்துச் செல்லுங்கள். வலையிலிருந்து எடுத்த துகளைக் கடதாசியில் மடித்துக் கொண்டுபோய்க் காட்டுங்கள். எஞ்சினைப் பிரிப்பவரிடம் மெயின் பெயரிங் அமரும் துளைகளை லேத் பட்டறையில் அளப்பிக்கச் சொல்லுங்கள். துளை நீள்வட்டமாகியிருந்தால் அதை மீண்டும் கடைந்து, வெளிவிட்டம் கூடிய பெயரிங் போடவேண்டும். பிரித்துப் பூட்டிய எஞ்சினுக்கு முதல் 500 கிலோமீற்றருக்கு எஸ்.ஏ.இ. 30 மினரல் ஒயில் ஊற்றி ஓட்டி, பிறகு அதை வடித்து, வலையைக் கழற்றி, வால்வு இடைவெளியையும் மறுபடி பார்க்கவேண்டும். வடித்த ஒயிலை வீட்டு வடிகானில் ஊற்றாமல் கேனில் சேர்த்துச் சேர்விஸ் நிலையத்தில் கொடுத்துவிடுங்கள்.